ஹல்ப் ட்ரை என்றால் மூன்றரை இல்லையாம்! ஜெர்மனில் மணி கேட்பதும் விடைபெறுவதும்

#1 பொருநை_டு_நெக்கர்

வணக்கம் மக்களே. ஸ்டுட்கார்ட் வந்து மூன்று மாதம் ஆகிறது. சென்னையில் ஏ2 வரை முடித்துவிட்டுத்தான் வந்தேன். சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. படித்த ஜெர்மன்தான் எங்கே போனது என்று தெரியவில்லை.

போன வாரம் பல் வலி. ஒரு கிளினிக்குக்கு போன் போட்டு டெர்மின் (அப்பாயின்ட்மென்ட்) கேட்டேன். "செவ்வாய், ஹல்ப் ட்ரை" என்றார்கள். ஹல்ப் என்றால் அரை, ட்ரை என்றால் மூன்று. ஆக, மூன்றரை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பத்து நிமிடம் முன்னாடியே இருப்போம் என்று 3.20க்குப் போய் நின்றேன். ரிசப்ஷனில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். என் டெர்மின் இரண்டரைக்காம். முன்கூட்டியே வந்துவிட்ட பெருமையோடு நிற்கிறவன் ஐம்பது நிமிடம் தாமதம்.

அடுத்த செவ்வாய்க்கு மாற்றிக் கொடுத்தார். "ட்ரை ஃபிர்டல் ஃபீர்." மூன்று, கால், நான்கு. இது மணியா, போன் நம்பரா? நான் முழிப்பதைப் பார்த்து ஒரு சீட்டில் 15.45 என்று எழுதி நீட்டினார். கிளம்பும்போது சிரித்த முகமாக "அடேலே!" என்றார். நான் திருநெல்வேலிக்காரன். பல் டாக்டர் வாசலில் வைத்து ஒரு ஜெர்மன் அம்மா "அடேலே" என்று சொன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இந்த மணிக் கணக்கு எப்படித்தான் மண்டையில் நிற்கும்? அந்த அம்மா கடைசியில் சொன்னது என்ன?

#2 முந்தாநாள்

அடேலேயை முதலில் முடித்துவிடுவோம், தம்பி. அவர் மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவில்லை. "அடே" என்பது அந்தப் பக்கத்தில் விடைபெறும் சொல். பிரெஞ்சுக்காரர்களின் "அத்யூ"வோடு உறவு. 'கடவுள் பொறுப்பு' என்கிற மாதிரி அர்த்தம். பின்னால் ஒட்டியிருக்கும் "லே" ஷ்வேபியர்கள் (உங்கள் ஸ்டுட்கார்ட் பக்கத்து ஜனங்கள்) எதற்கும் போடுகிற செல்ல விகுதி. நீங்கள் அங்கே தட்டு நிறையச் சாப்பிடுகிற ஸ்பெட்ஸ்லேயில் இருப்பதும் அதே லேதான். அடுத்த முறை நீங்களும் தைரியமாக "அடே!" சொல்லலாம், டாக்டரிடம்கூட. ஊருக்கு போன் பேசும்போது மட்டும் கவனம்.

இப்போது மணி. தமிழில் நாம் முடிந்துபோன மணியோடு கூட்டுகிறோம். இரண்டு முடிந்து அரை, ஆகவே இரண்டரை. ஜெர்மன்காரர் ஓடிக்கொண்டிருக்கும் மணியைச் சொல்கிறார். இது நமக்குப் புதுசு என்று நினைக்க வேண்டாம். "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டால் நம் வீட்டில் என்ன சொல்வார்கள்? "மூணு நடக்குது." இரண்டு முடிந்துவிட்டது, மூன்றாவது ஓடுகிறது. ஹல்ப் ட்ரை என்றால் அதுதான்: மூணு நடக்குது, பாதி ஆச்சு. அதாவது 2.30.

இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் ஊர்ப் பேச்சு மொத்தமும் திறந்துவிடும். ஃபிர்டல் என்றால் கால். "ஃபிர்டல் ட்ரை" என்றால் மூணு நடக்குது, கால்வாசி ஆச்சு, 2.15. "ட்ரை ஃபிர்டல் ஃபீர்" என்றால் நாலு நடக்குது, முக்கால்வாசி ஆச்சு, 3.45. இதில் இன்னொரு அழகைக் கவனித்தீர்களா? ட்ரை ஃபிர்டல் என்றால் எழுத்துக்கு எழுத்து 'மூன்று கால்'. நம் முக்காலும் மூன்று கால்தானே!

எட்டு வருடமாக மாலை வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள் இந்த இடத்தில் மனசுக்குள் இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்த்தான் விழுகிறார்கள். நேராகத் தமிழிலிருந்து போனால் பாதி தூரம் மிச்சம்.

#3 எல்பே_ஓரம்

அக்கா சொன்னது சரி, ஆனால் புதுசாக வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த ஃபிர்டல் ட்ரை எல்லா ஊரிலும் செல்லாது. நான் ஹாம்பர்க்கில் இருக்கிறேன். இங்கே 2.15 என்றால் "ஃபிர்டல் நாஹ் ட்ஸ்வை", இரண்டுக்குப் பின் கால். 2.45 என்றால் "ஃபிர்டல் ஃபோர் ட்ரை", மூன்றுக்கு முன் கால். எங்கள் ஆபீஸில் டிரெஸ்டனிலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார். அவர் "ஃபிர்டல் ட்ரைக்கு மீட்டிங்" என்றதும் ஹாம்பர்க்காரர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருத்தர் 2.45க்கு வந்தார், ஒருத்தர் 3.15க்கு வந்தார். இவ்வளவுக்கும் எல்லாரும் பிறவி ஜெர்மன்காரர்கள். தெற்கிலும் கிழக்கிலும் நிறையப் பேர் அப்படிச் சொல்வார்கள். வடக்கிலும் மேற்கிலும் பெரும்பாலும் இப்படி. ஹல்ப் மட்டும் எல்லா ஊருக்கும் பொது.

#4 நேர்வழி

இவ்வளவு எதற்கு? 24 மணிக் கணக்கில் பேசுங்கள். 15.45 என்றால் "ஃப்யூன்ஃப்ட்ஸேன் ஊர் ஃப்யூன்ஃப் உண்ட் ஃபிர்ட்ஸிஷ்". ரயில் நிலையத்திலும் டிவியிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். குழப்பமே இல்லை. நான் ஆறு வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன்.

#5 முந்தாநாள்

@நேர்வழி நீங்கள் பேசுவதற்கு அது போதும். எதிரில் இருப்பவர் பேசுவதை யார் தடுப்பது? பக்கத்து வீட்டுப் பாட்டி "பதினைந்து மணி நாற்பத்தைந்து நிமிடத்துக்குக் காபி குடிக்க வா" என்று ரயில் அறிவிப்பு மாதிரி கூப்பிட மாட்டார். அவர் "ஃப்யூன்ஃப் ஃபோர் ஹல்ப் ஃபீர்" என்பார். நாலு நடக்கிறது, பாதியாக இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது, 3.25. ஐந்து நிமிடம் தாண்டினால் ஃபோர் போய் நாஹ் வரும், 3.35. அரையைச் சுற்றி இருக்கும் நிமிடங்களை அரையிலிருந்துதான் எண்ணுவார்கள். கடிகாரத்தின் முள் ஆறைத் தொடப் போகிறதா, தாண்டிவிட்டதா என்று பாருங்கள், போதும்.

#6 இரவுப்பணி

நான் நர்ஸ். அவுஸ்பில்டுங் (தொழிற்பயிற்சி) முடித்து இரண்டு வருடமாக வார்டில் இருக்கிறேன். நேர்வழி சொல்வது எங்கள் வேலைக்குப் பொருந்தும். மருந்து, ஊசி, ஷிஃப்ட் மாற்றம், கையெழுத்துப் போடுவது எல்லாம் 24 மணிக் கணக்குதான். அதில் ஹல்ப் எல்லாம் யாரும் எழுத மாட்டார்கள்.

நான் தடுக்கி விழுந்தது "ஹாய்ட்ட நஹ்ட்" என்ற சொல்லில். அகராதிப்படி 'இன்று இரவு'. காலை ஆறு மணி ஷிஃப்ட் மாற்றத்தில் ஒரு சக நர்ஸ், "ஹாய்ட்ட நஹ்ட் அறை நாலில் இருப்பவருக்கு வலி இருந்தது" என்றார். இன்று இரவு வரப்போகிற வலியை இவர் எப்படி இப்பவே சொல்கிறார் என்று ஒரு நிமிடம் திகைத்துப் போனேன். காலையில் சொன்னால் அது முடிந்துபோன இரவு. மாலையில் சொன்னால் வரப்போகிற இரவு. வினைச்சொல்லைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் விடைபெறுவது. முதல் மாதம் இரவு ஒன்பதுக்கு வேலை முடிந்து கிளம்பும்போது எல்லாருக்கும் "கூட்ட நஹ்ட்" சொன்னேன். இரவு ஷிஃப்டுக்கு வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அது தூங்கப் போகிறவருக்குச் சொல்வது. அவர்கள் விடிய விடிய முழித்திருக்கப் போகிறவர்கள்! "கூட்டன் ஆபென்ட்" பார்த்தவுடன் சொல்வது; பிரியும்போது என்றால் "ஷோனன் ஆபென்ட் நொஹ்". வேலை முடிந்து போகிறவருக்கு "ஷோனன் ஃபையராபென்ட்". இந்த ஃபையராபென்ட் எனக்குப் பிடித்த சொல். பழைய காலத்தில் திருநாளுக்கு முந்தின மாலையைக் குறித்ததாம். இப்போது தினமும் வேலை முடிகிற நேரம். டூட்டி முடிகிற நேரத்துக்கு இவர்கள் கொடுக்கிற மரியாதையைப் பார்த்தால் திருநாள் என்பது பொருத்தம்தான்.

நோயாளி வீட்டுக்குக் கிளம்பும்போது "அவுஃப் வீடர்ஸேன்" சொன்னால் தப்பில்லை. ஆனால் 'மறுபடியும் பார்ப்போம்' என்று அர்த்தம் வருகிறதல்லவா, "வேண்டாம்மா, இங்கே வேண்டாம்" என்று சில தாத்தாக்கள் கிண்டல் செய்வார்கள். நான் "ஆல்லெஸ் கூட்ட" என்று நிறுத்திக்கொள்வேன். எல்லாம் நல்லபடியாக இருக்கட்டும் என்று அர்த்தம்.

#7 ஹம்_பக்கம்

இரவுப்பணி தங்கச்சி சொன்னதைப் பார்க்க எங்கட அப்பாவின்ர கதைதான் ஞாபகம் வருகுது. அப்பா எண்பதுகளில யாழ்ப்பாணத்தில இருந்து ஜெர்மனிக்கு வந்தவர். அப்ப வகுப்பும் இல்லை, ஆப்பும் இல்லை. மேல் வீட்டில ஒரு வயசான ஜெர்மன் அம்மா, அப்பாவுக்கு நல்ல உதவி. ஒருநாள் அவவிட்ட ஒரு கடிதத்தைக் காட்டி அர்த்தம் கேட்டுப்போட்டு வெளிக்கிடேக்க, அப்பா எங்கட வழக்கத்தில "போட்டு வாறன்" எண்டதை அப்பிடியே ஜெர்மனில சொல்லியிருக்கிறார்: "இஷ் கேஹ உண்ட் கொம்ம." நான் போய் வருகிறேன். அந்த மனுசி நம்பிப்போட்டா. காபி போட்டு, கேக் வெட்டி, மேசையில வைச்சுக்கொண்டு பொழுதுபடும் வரைக்கும் காத்திருந்தவவாம். அடுத்த நாள் படியில சந்திச்சபோது, "ஏன் வரேல்லை?" எண்டு கேட்டிருக்கிறா.

எங்களுக்கு "போறன்" எண்டு சொல்ல வாய் வராது. சொன்னால் அம்மா ஏசுவா. அப்பாவுக்கு "அவுஃப் வீடர்ஸேன்" எண்டதின்ர அர்த்தம் விளங்கினபிறகுதான் நிம்மதி. 'திரும்பப் பார்க்கும் வரைக்கும்' எண்டு அவங்களும் திரும்பி வாறதைத்தானே சொல்லுறாங்கள்.

இப்ப இங்க ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு வந்து பாருங்கோ. 2002இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில். பிள்ளையள் தங்களுக்குள்ள ஜெர்மனில கதைச்சுக்கொண்டு நிற்பினம். பிரியேக்க ஒருத்தருக்கு ஒருத்தர் "ட்ச்யூஸ்" (எங்கட 'பை' மாதிரி), அம்மம்மாவைப் பார்த்தால் மட்டும் "போட்டு வாறன்". எங்க எதைச் சொல்ல வேணும் எண்டு ஒருத்தரும் அதுகளுக்குப் படிப்பிக்கேல்லை.

#8 பொருநை_டு_நெக்கர்

@ஹம்_பக்கம் அக்கா, அந்த அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

"மூணு நடக்குது" கணக்கு நின்றுவிட்டது, முந்தாநாள் அக்கா. இரண்டு நாளாகக் கடிகாரம் பார்க்கும்போதெல்லாம் சொல்லிப் பழகுகிறேன். இன்னொரு சந்தேகம். என் வேகேயில் (நாலு பேர் சேர்ந்து எடுத்த வீடு) ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு "பிஸ்" சொல்கிறான். பிஸ் டன், பிஸ் பல்ட், பிஸ் க்ளைஷ், பிஸ் ஷ்பேட்டர். வகுப்பில் எல்லாவற்றுக்கும் 'பிறகு பார்க்கலாம்' என்று ஒரே அர்த்தம்தான் எழுதிக்கொண்டேன்.

#9 முந்தாநாள்

அந்த ஒரே அர்த்தத்தை நோட்டில் அடித்துவிடுங்கள். பிஸ் என்றால் 'வரை'. அடுத்து வருகிற சொல் எவ்வளவு நேரம் என்று சொல்கிறது. அளந்துதான் சொல்வார்கள்.

உங்கள் அறைத்தோழன் துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்கு இறங்கும்போது "பிஸ் க்ளைஷ்" என்பான். நம் "இதோ வந்துட்டேன்". ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மாலையில்தான் பார்ப்போம் என்றால் க்ளைஷ் சொல்லக் கூடாது. கதவருகிலேயே காத்திருப்பார்கள், ஹம் அப்பாவின் காபி மாதிரி. காலையில் பல்கலைக்கழகம் போய் மதியம் திரும்புகிறவன் "பிஸ் நாஹ்ஹேர்" அல்லது "பிஸ் ஷ்பேட்டர்" என்பான். இரண்டும் பொதுவாக அன்றைக்கே பார்ப்போம் என்ற கணக்கு.

"பிஸ் டன்" வேறு ரகம். எப்போது சந்திப்பது என்று இருவரும் பேசி முடித்தாயிற்று, 'சரி, அப்போ பார்ப்போம்' என்பது. சனிக்கிழமை சினிமா என்று முடிவானபின் போனை வைக்கும்போது சரியாக வந்து உட்காரும். ஒன்றும் பேசி வைக்காவிட்டாலும் வெறுமனே சொல்பவர்கள் உண்டு, அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"பிஸ் பல்ட்"டில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். பல்ட் என்றால் 'சீக்கிரம்' என்று படித்திருப்பீர்கள். அந்தச் சீக்கிரம் நாளையாகவும் இருக்கலாம், அடுத்த மாதமாகவும் இருக்கலாம். ஊரில் கல்யாண வீட்டில் பார்த்த சொந்தக்காரர் "ஒருநாள் வீட்டுப் பக்கம் வாங்க" என்பாரே, அந்த வகை. நாள் தெரிந்தால் அந்த நாளைக் குறிப்பிட்டே சொல்லிவிடுவார்கள்: பிஸ் மோன்டாக், திங்கள் பார்ப்போம். பிஸ் மோர்கன், நாளைக்குப் பார்ப்போம். நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். நாள் தெரியுமா, அதைச் சொல். பிழைக்கே வழியில்லை.

#10 இசார்_கரை

முனிக்கிலிருந்து ஒரு குரல். உங்கள் ட்ச்யூஸை இங்கே கொஞ்சம் பார்த்துத்தான் இறக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அது வடக்கத்திச் சொல் என்று முகம் சுளிக்கிற பெரிசுகள் உண்டு. 2012இல் பாசாவ் நகரில் ஒரு பள்ளி தன்னை 'ஹலோவும் ட்ச்யூஸும் இல்லாத பகுதி' என்றே அறிவித்தது.

இங்கே "ஸேர்வுஸ்"தான். வரும்போதும் அதுவே, போகும்போதும் அதுவே. லத்தீனில் ஸேர்வுஸ் என்றால் அடிமை. 'உங்கள் சேவகன்' என்பது சுருங்கி வந்த வணக்கம். ஸ்ரீரங்கத்தில் என் தாத்தா யாரைப் பார்த்தாலும் "அடியேன்" என்பார். இதைத் தெரிந்துகொண்டபின் ஒவ்வொரு ஸேர்வுஸிலும் எனக்குத் தாத்தா குரல் கேட்கிறது. பீர் கோப்பையோடு அடியேன் சொல்கிற ஆட்களைத் தாத்தா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

நேரம் பற்றி ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. ஐடி ஆட்களுக்குப் பெரிய தலைவலி "கா-வே". கலேண்டர்வோஹ, அதாவது வருடத்தின் எத்தனையாவது வாரம் என்ற கணக்கு. மேனேஜர் தேதியே சொல்ல மாட்டார். "கா-வே 34இல் டெலிவரி" என்பார். முதல் வாரம் மண்டையை ஆட்டிவிட்டு வந்து காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். வாரம் திங்களில் தொடங்கும்; வருடத்தின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அதுதான் முதல் வாரம். அதனால் 2021 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை, 2020இன் 53ஆவது வாரத்தில் கிடந்தது. போன் காலண்டரில் வார எண் காட்டும் வசதி இருக்கும். இன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள்.

#11 நேர்வழி

சரி, நேரத்தில் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு உதவி. ட்ச்யூஸ் என் வாயில் "சூஸ்" என்றுதான் வருகிறது. என் மகள் (கிண்டர்கார்டன் போகிறாள்) "அப்பா, தப்பு" என்கிறாள். ஆறு வருடம் ஆயிற்று.

#12 முந்தாநாள்

நாக்கை "ஈ"க்கு வைத்துக்கொள்ளுங்கள். "ஈ..." என்று சத்தம் போட்டுக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் விசில் அடிக்கப் போவது மாதிரி குவியுங்கள். வருகிற சத்தம்தான் அது. கண்ணாடி முன் பத்து தடவை. அப்புறம் குறுக்குங்கள், ட்ச்யூஸ் குறில்தான். கடைக்காரர்கள் பாட்டாக இழுத்து "ட்ச்யூ-ஊஸ்" என்பதை இப்போதைக்குப் பின்பற்ற வேண்டாம். போனில் பேசி முடிக்கும்போது பெரியவர்களிடம் "அவுஃப் வீடர்ஹோரன்", மறுபடி 'கேட்போம்', என்பது மரியாதை. பார்க்கவில்லையே, கேட்கத்தானே செய்தோம்!

மகளிடம் கற்றுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னை விட அவள் நல்ல டீச்சர்.

#13 பி1_பயம்

அடுத்த மாதம் தேர்வு. "ட்ரை ஊர்" என்றால் மூன்று மணியா, மூன்று மணி நேரமா? அப்புறம் மோர்கன் என்றால் காலையா நாளையா?

#14 எல்பே_ஓரம்

ஊர் என்றால் மணி, ஷ்டுண்ட என்றால் மணி நேரம். தமிழில் இருக்கிற அதே வித்தியாசம். "படம் மூணு மணி ஓடும்" என்று எழுதுவீர்களா?

மோர்கன் இரண்டும்தான். நாம் "விடிஞ்சா கல்யாணம்" என்று சொல்வதில் விடியலே நாளை ஆகிவிடுகிறதே, அது மாதிரி. நாளைக் காலை என்று சொல்ல மோர்கன் மோர்கன் என்று அடுக்கக் கூடாது, "மோர்கன் ஃப்ரூ". இன்று காலை என்றால் "ஹாய்ட்ட மோர்கன்". நாளை மறுநாள் "ஊபர்மோர்கன்", அக்காவின் புனைபெயர் "ஃபோர்கெஸ்டர்ன்". இங்கிலீஷ்காரனுக்கு முந்தாநாளைச் சொல்ல நாலு சொல் வேண்டும், நமக்கும் இவர்களுக்கும் ஒன்று போதும்.

இன்னொன்று. "உம் ட்ரை" என்றால் சரியாக மூன்று மணிக்கு. "கேகன் ட்ரை" என்றால் மூணு மணி வாக்கில். நம் ஊர் நேர வழக்கத்தில் உள்ளவர்கள் கேகன் என்று சொல்லிப் பழகுவது நல்லது.

#15 பொருநை_டு_நெக்கர்

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்குக் கிளினிக் போனேன். 3.40க்கே ஆஜர். ரிசப்ஷன் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பல்லை அடைத்தார்கள். பாதி வாய் மரத்துக் கிடக்க, வாசலில் திரும்பி நின்று "அடே!" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷத்தில் இந்த முறை சீட்டு எழுதித் தரவில்லை. வாயால் சொல்லிவிட்டார்: "ஹாய்ட்ட இன் அஹ்ட் டாகன், உம் ஹல்ப் நோய்ன்." அஹ்ட் எட்டு, டாகன் நாட்கள், நோய்ன் ஒன்பது. ஹல்ப் நோய்ன் 8.30 என்று கண்டுபிடித்துவிட்டேன். இன்று செவ்வாய். எட்டு நாள் என்றால் புதன்தானே?

#16 முந்தாநாள்

செவ்வாய்! இன்றையும் சேர்த்து எண்ணுங்கள், நம் ஊர் எட்டாம் நாள் மாதிரி. எட்டு நாள் என்றால் ஒரு வாரம். (இரண்டு வாரத்துக்கு மட்டும் பதினைந்து என்று சொல்லாமல் பதினாலு நாள் என்பார்கள், ஏன் என்று கேட்காதீர்கள்.) அடுத்த செவ்வாய் காலை, ஒன்பது நடக்கும்போது பாதியில் போய் நில்லுங்கள். பிஸ் டன்.